நான்காவது ஆள் பிந்தி வருகிறார்

1

இந்தக் கதை என் காரின் முன் இருக்கையில் பிறந்தது. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். டீலியா ஹக்னல், லென் பார்ஜிட்டரின் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். காரில் ஏறினாள். இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டாள். "வண்டிய எடுக்காதே," என்றாள். பிறகு நாற்பது நிமிஷம் பேசினாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. பேசி முடித்ததும், "இதை நீ எழுதத்தான் போற, எனக்குத் தெரியும். எழுது. ஆனா என்னை நல்லவளா காட்டிடாதே. நல்லவங்களப் பத்தின கதைய நான் பாதியிலயே மூடிடுவேன்," என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். ஊருக்கு விதி நார்ட்டன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆற்றோரம் வளரும் ஒரு மரத்துக்கு இந்தப் பக்கத்தில் 'விதி' என்று பெயர். நம் காதில் அது வேறு மாதிரி விழுந்தால் நான் பொறுப்பில்லை. (பொறுப்புதான். நூறு மரம் இருக்க இதை ஏன் எடுத்தேன்?)

முதல் தொடக்கம் இப்படி வந்தது: 'மே மாதத்தின் முதல் விடியலில், பனி படர்ந்த புல்வெளியில், சலங்கைகள் ஒலிக்க ஆறு பேர்' – இதற்கு மேல் போக முடியவில்லை. பனி இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பனியில் நின்ற ஆறு பேரும் காரை எங்கே விடுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'மோரிஸ் என்கிற ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டம் நம் கோலாட்டத்தைப்' – அடித்துவிட்டேன். 'போல' என்று எழுதினால் கோலாட்டமும் கெட்டது, இதுவும் கெட்டது. ஆறு பேர், மூன்று மூன்றாக எதிரெதிரே நிற்பார்கள். முழங்காலுக்குக் கீழே சலங்கை. கையில் கழி, அல்லது வெள்ளைக் கைக்குட்டை. ஓரமாக ஒருவர் பிடில் வாசிப்பார். அது நான். பத்தொன்பது வருஷமாக, புதன்கிழமை தோறும், ஊர்ப் பொதுக்கூடத்தில். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

2

டீலியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கவுன்சிலில் நடைபாதை வழக்குகளைப் பார்க்கிறாள். ஒரு வயலின் குறுக்கே ஊரார் நடக்க உரிமை உண்டா இல்லையா என்பதைப் பழைய வரைபடங்களையும் சாட்சிகளையும் வைத்துச் சொல்லும் வேலை. 'எனக்குத் தெரிஞ்ச காலத்துலேர்ந்து' என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த வருஷத்துலேர்ந்து?" என்று கேட்பாள். கல்யாண வீட்டில்கூட.

எங்கள் ஆட்டக் குழுவில் அவள்தான் ஃபோர்மன். தொழிற்சாலை வார்த்தைதான், இங்கே, எந்த ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்பதற்கு அவள் சொல்வதே கடைசி வார்த்தை என்று பொருள். எங்களிடம் பதினான்கு ஆட்டங்கள் இருக்கின்றன. கைக்குட்டைக்கு ஏழு, கழிக்கு ஐந்து, தனி ஆள் ஆடுவது இரண்டு. 'சுண்ணாம்புக்காரன் மகள்' அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு செங்கல் சூளைக்காரரிடமிருந்து வந்தது. 'ஏழாம் மைல் கல்' ஒரு சாராயக்கடைக்காரரின் மருமகனிடமிருந்து. 'பாதிரியின் தொப்பி'யை ஆடிக் காட்டியவருக்கு அப்போது எழுபத்தோரு வயது, காலில் செருப்பில்லை. இதெல்லாம் எங்கள் குழுவின் பழைய நோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பிறந்த ஊர், ஒரு மனிதர், ஒரு வருஷம்.

கடைசி ஆட்டத்துக்கு மட்டும் கிடையாது. அதன் பெயர் 'பிந்திய வாத்து.'

அதுதான் எங்கள் குழுவின் செல்லம். ஆறு பேரும் கழியோடு சுற்றி வருவார்கள். திருப்பத்தில் ஐந்து பேர் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நான்காவது ஆள் மட்டும் ஒரு தாளம் பிந்துவார். ஐந்து கழிகளும் மேலே உயர்ந்து நிற்கும். என் வில்லும் நிற்கும். நான்காவது ஆள் காலை ஒரு மாதிரி வீசி வைத்து, வந்து சேர்ந்து, தன் கழியை அடிப்பார். அந்த அடியில் எல்லாரும் மறுபடி உயிர் பெற்று ஓடுவார்கள். பார்க்கிற குழந்தைகள் அந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கும். பெரியவர்களும்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நோட்டில் அதற்கு நேராக, 'ஊர்ப் பெரியவர் ஒருவரிடமிருந்து' என்று மட்டும் இருந்தது.

அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இந்த வருஷம் கவலைப்பட வேண்டி வந்தது. மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறையில் சுற்று வட்டாரக் குழுக்கள் எல்லாம் ஒரு சதுக்கத்தில் கூடி ஆடுவது வழக்கம். அங்கே மரபு ஆட்டம் மட்டும்தான். ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். லென் பார்ஜிட்டருக்கு அந்த வாரம் எண்பது வயது நிறையும். முப்பத்து நாலு வருஷம் 'பிந்திய வாத்'தில் நான்காவது ஆளாக ஆடியவர் அவர். அவருக்காக இந்தத் தடவை வாத்தைச் சதுக்கத்தில் இறக்குவோம் என்று குழு முடிவு செய்தது. லென் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டீலியா நல்லவளாகிவிடுவாள். போன வருஷம் பக்கத்து ஊர்க் குழுவின் கிளைவ் ஆர்மராட் ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்து, இருநூறு வருஷப் பழசு என்றார். டீலியா குழுக்களின் கூட்டத்தில் எழுந்து நின்று, அதன் மெட்டு அறுபதுகளில் ரேடியோவில் வந்த சோப்பு விளம்பரம் என்று நிரூபித்தாள். விளம்பரத்தைப் போட்டும் காட்டினாள். ஆட்டம் நீக்கப்பட்டது. "யாரோ சொன்னாங்கங்கிறது சாட்சியே இல்ல, கிளைவ்," என்றாள்.  அதன்பின் அவர் அவளோடு பேசவே இல்லை.

இந்த வருஷம் நிகழ்ச்சிப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு கிளைவுடையது.

3

நோட்டை எழுதியவர் வில்ஃப் ஸ்டான்புரூக். டீலியாவுக்கு முந்தைய ஃபோர்மன், எண்பத்திரண்டு வயது. முதியவர்களுக்கான குடியிருப்பில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறார். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை டீலியா அவரைப் பார்க்கப் போனாள்.

"வில்ஃப், வாத்து எங்கேர்ந்து வந்தது?"

"ஆத்துலேர்ந்து."

"விளையாடாதீங்க. 'ஊர்ப் பெரியவர் ஒருத்தர்'னு போட்டிருக்கீங்க. எந்தப் பெரியவர்?"

"பேரு ஞாபகம் இல்லம்மா."

"மத்த பதிமூணுக்கும் பேரு, வயசு, அவங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்துச்சுங்கிறது வரைக்கும் எழுதியிருக்கீங்க. இதுக்கு மட்டும் எப்படி மறந்துச்சு?"

வில்ஃப் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்கு மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். நான் இருக்கேன்."

"கதவச் சாத்து," என்றார்.

எழுபத்தாறாம் வருஷம், ஆறு வற்றிப்போன அந்தக் கோடை. அப்போது குழுவில் இருந்ததே ஆறு பேர்தான். ஒருவர் குறைந்தால் ஆட்டம் இல்லை. ஆறாவது ஆள் லென். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார்சைக்கிளோடு ஒரு மதில்மேல் மோதி, வலது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. நேராக ஆடும்போது சமாளித்துவிடுவார். திருப்பம் வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு தாளம் பிந்துவார்.

"பாக்கிறவங்க சிரிப்பாங்க. அவனுக்கும் அது தெரியும். மத்த நாலு பேரும், இவன நிறுத்திட்டு வேற ஆளப் பாப்போம்னாங்க. எங்க ஜோன் அவனத்தான் கட்டிக்கப் போறா. என் கூடப் பொறந்தவ. நான் போயி எப்படிச் சொல்றது, உன் ஆளு நொண்டி, ஆட வர வேண்டாம்னு?"

"அதனால?"

"ஒரு நாளு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு நிக்கிறேன். வாத்துங்க கடக்குது. தண்ணி தேடிப் போவுது போல. கடைசி வாத்து பாதி ரோட்டுல நின்னுடுச்சு. முன்னாடி போனதெல்லாம் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்குது. கார்ல இருந்த நாங்களும் நிக்கிறோம். அது வந்ததும்தான் எல்லாம் கெளம்புச்சு." வில்ஃப் இன்னொரு சுளை எடுத்தார், தின்னவில்லை. "வீட்டுக்குப் போயி எழுதிட்டேன். அடுத்த புதன்கிழம, பழைய ஆட்டம் ஒண்ணு கெடச்சிருக்கு, நாலாவது ஆளு பிந்தித்தான் வரணும், அதுதான் அதுல கஷ்டமேன்னு சொன்னேன். லென்னை நாலாவதா நிறுத்தினேன்."

"அவர் நம்பினாரா?"

"நம்பறதா? மத்த நாலு பேரோட நானும் சேந்து மூணு வாரம் தடுமாறினோம், டீலியா. காத்திருக்கறது அவ்வளவு சுலபம் இல்ல. அவன் ஒருத்தன்தான் மொத நாளே சரியா ஆடினான். அன்னிக்கு அவன் மூஞ்சியப் பாத்தவங்க யாரும் அப்புறம் வாயத் தொறக்கல."

"ஜோனுக்குத் தெரியுமா?"

"சொல்லல. தெரியாமயே போய்ச் சேந்துட்டா. மத்தவங்களும் போயிட்டாங்க. இப்ப நான் ஒருத்தன், நீ ஒருத்தி."

4

(இங்கே லென்னை அறிமுகப்படுத்த வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. நொண்டிக் கால், நண்பர்களின் அன்பான பொய், எண்பதாவது பிறந்தநாள். இந்த மூன்றையும் ஒரு பாத்திரத்தின் தலையில் வைத்தால் அவர் தானாகவே இனிமையான கிழவர் ஆகிவிடுவார். லென் அப்படி இல்லை. இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு காரைக் குறுக்கே விடுகிறவர். என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "உன் பிடிலுக்குள்ள எலி மாட்டிக்கிட்டிருக்கு, தொறந்து விடு," என்று பத்தொன்பது வருஷமாக ஒரே நகைச்சுவையைச் சொல்கிறவர்.)

ஆடுவதை நிறுத்தியபின்னும் லென் புதன்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வெப்பக்குழாய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்காவது ஆளைத் திட்டுவார். இப்போது நான்காவது இமோஜன். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், முப்பத்து நாலு வயது. வில்ஃபைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் டீலியா கூடத்தின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்!" என்று கத்தினார் லென். "சீக்கிரம் வர்ற! வாத்து பஸ் புடிக்கப் போவுதா?"

இமோஜன் கழியை இறக்கினாள். "பிந்தி வரணும்கிறீங்க. பிந்தி வந்தா சீக்கிரம்கிறீங்க. என்னதான் செய்யட்டும் நான்?"

"பிந்தித்தான் வரணும். பிந்திட்டோமேன்னு வரக்கூடாது. உன் மூஞ்சியில மன்னிப்பு கேக்கிற. எதுக்குக் கேக்கிற? அஞ்சு பேரும் உனக்காகக் கழியத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க. நிக்கட்டும். உன் கால் எப்ப வருதோ அப்பதான் தாளம்."

"அது தாளக் கணக்குப்படி தப்பாச்சே?"

"அந்தக் காலத்து ஆளுங்க உன்னையும் என்னையும் விட விவரமானவங்க. காரணம் இல்லாமயா வச்சிருப்பாங்க?"

டீலியா வெளியே போய்விட்டாள். நான் பிடிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். வாசல் படியில் நின்றபடி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

அவளுடைய சட்டத்தையே எடுத்து அவளுக்குச் சொன்னேன். "இருபது வருஷம் யாரும் தடுக்காம ஜனங்க நடந்தா அது பாதைதானே? நீதானே சொல்லுவ? இது நாப்பத்தெட்டு வருஷம்."

"அது நடக்கிற உரிமைக்கு. பாதை பழசுன்னு நாங்க எழுதித் தர மாட்டோம். நடக்கலாம்னுதான் எழுதித் தருவோம். இங்க அவங்க கேக்கிறது, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு." படியில் உட்கார்ந்தபடி, "போன வருஷம் அந்த மனுஷன எல்லார் முன்னாடியும் நிக்க வச்சேன்," என்றாள். "இப்ப நான் மட்டும் 'ஊர்ப் பெரியவர்'னு எழுதிட்டுப் போறதா?"

5

செவ்வாய்க்கிழமை மதியம் கிளைவுக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"எங்க வாத்து மரபு ஆட்டம் இல்ல. எழுபத்தாறுல வில்ஃப் செஞ்சது. பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க."

 கிளைவ், "ஒரு நிமிஷம், நான் உக்காந்துக்கிறேன்," என்றார். உட்கார்ந்தது கேட்டது. "திரும்பச் சொல்லுங்க."

"கேட்டுச்சு உங்களுக்கு."

"கேட்டுச்சு. ரொம்ப நல்லா இருக்கு, அதான் இன்னொரு தடவ."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். கூடவே, "உங்க ஆட்டம் சோப்பு விளம்பரம்தான். அதுல மாத்தமில்ல. ஆனா நான் அதை எல்லார் நடுவுலயும் போட்டுக் காட்டியிருக்க வேண்டியதில்ல," என்றாள்.

"எங்கம்மா துணி தொவைக்கும்போது பாடுவாங்க," என்றார் கிளைவ். "பழசுன்னு நெனச்சேன்." பிறகு குரல் மாறியது. "வாத்த யாரு செஞ்சதுன்னு யாரு சொன்னது?"

"செஞ்சவரே."

"எழுத்துல ஏதாவது?"

"இல்ல."

"அப்ப அதுவும் யாரோ சொன்னதுதானே? சாட்சியே இல்லன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

பழிவாங்கத்தான் தேடினார். டீலியா சொன்னது பொய் என்று காட்ட முடிந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. போன வருஷத்து அவமானத்துக்குப் பிறகு அந்த மனிதர் குளிர்காலம் முழுக்க நூலகத்தின் பழைய ஏடுகளில் தலையை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒன்பதாவது நாள் கவுன்சில் அலுவலகத்துக்கே வந்து, வரிசையில் நின்று, டீலியாவின் மேசைமேல் ஒரு நகலை வைத்தார்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில், சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆட்டங்களைக் குறித்துக்கொண்ட ஒரு பாதிரியின் கைப்புத்தகம். ஒரு பக்கத்தின் கீழே, பென்சிலில்:

விதி நார்ட்டன். கழி ஆட்டம். பெயர் சொல்லவில்லை. ஆறு பேர். திருப்பத்தில் நான்காவது ஆள் பிந்தி வருகிறார் (முழங்கால்?). மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

*இந்த இடத்தில் வாசகர் என்னைச் சந்தேகிப்பது நியாயம். நானே சந்தேகிக்கிறேன். இது முழுக்க என் கற்பனை என்றால், இவ்வளவு வசதியான ஒரு பக்கத்தை நான் கொண்டுவந்திருக்கவே மாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும். மூன்று நாள் இந்தப் பக்கம் இல்லாமல் கதையை எழுதிப் பார்த்தேன். அதில் கிளைவ் வெறும் வில்லனாகவே வீட்டுக்குப் போனார். வேறு வழியில்லாமல் பக்கத்தைத் திரும்ப வைத்தேன்.*

டீலியா அதை ஆறு தடவை படித்தாள். பிறகு அங்கிருந்தே வில்ஃபுக்குப் போன் செய்தாள்.

"இந்தப் பாதிரியோட புத்தகத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

"பள்ளிக்கூடம் முடிச்சப்புறம் லைப்ரரி பக்கமே நான் போனதில்லம்மா. ஏன்?"

படித்துக் காட்டினாள். ஆக்சிஜன் இயந்திரத்தின் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"வில்ஃப், உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். நீங்க சொன்னது பொய்யே இல்லன்னு ஆயிடுச்சே."

"நாப்பத்தெட்டு வருஷமா பொய் சொன்னேன்னு உறுத்திக்கிட்டு இருந்துச்சு," என்றார் வில்ஃப். "ஆனா அது நான் செஞ்ச ஆட்டம்னும் உள்ளுக்குள்ள இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல, அவ்வளவுதான். இப்ப ரெண்டும் போச்சா?"

 கிளைவ் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஜெயிப்பதற்காக வந்தவர், போனிலிருந்து கசிந்த அந்தக் குரலைக் கேட்டுத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

6

லென்னிடம் யார் சொல்வது? டீலியாதான். எப்படி முடிந்தது? இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) லென்னுக்கு எப்போதோ தெரியும். மூன்றாம் பகுதியிலேயே நீங்கள் இதை ஊகித்திருப்பீர்கள். எழுதிப் பார்த்தேன், லென் சிரித்து, "நீங்க எல்லாரும் என்னை ஏமாத்தினதா நெனச்சீங்களா?" என்று சொல்ல, நன்றாகத்தான் வந்தது. எல்லாருக்கும் மன்னிப்பு, யாருக்கும் செலவில்லை. ஆனால் லென்னுக்குத் தெரியாது. அதுதான் விஷயமே.

(ஆ) டீலியா எதையும் சொல்லாமல் 'ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் கைப்புத்தகம்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். எழுத்துச் சாட்சி, யாருக்கும் வலியில்லை. கிளைவ்கூட இதைத்தான் சொன்னார். "அப்ப வில்ஃப் செஞ்சது எங்க போவும்?" என்று கேட்டாள் அவள்.

(இ) அவள் போய்ச் சேர்வதற்குள் லென் – வேண்டாம். இதை நான் எழுத மாட்டேன்.

நடந்தது இதுதான். நான் உள்ளே இல்லை, காரில் இருந்தேன்; அவள் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

லென் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். டீலியா உட்காரவில்லை. அலுவலக அறிக்கை எழுதுவதைப் போல வரிசையாகச் சொன்னாள்: எந்த வருஷம், யார் யார் இருந்தார்கள், நான்கு பேர் என்ன சொன்னார்கள், வில்ஃப் என்ன செய்தார், ஏன். லென் ஒரு திருகாணியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒன்று கேட்டார். "மூணு வாரம் அவங்க தடுமாறினாங்களே. அது நடிப்பா?"

"இல்ல. நெஜமாத்தான் தடுமாறினாங்க. காத்திருக்க வரலைன்னு வில்ஃப் சொன்னார்."

"எனக்கு மொத நாளே வந்துச்சு." திருகாணியைக் கீழே வைத்தார். "ஏன் எனக்கு மட்டும் வந்துச்சுன்னு நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கணும் இல்ல? நாப்பத்தெட்டு வருஷம். ஒரு தடவ." அவர் கை மேசைமேல் எதையோ தேடியது. "ஜோன்கிட்ட எவ்வளவு பீத்திக்கிட்டேன் தெரியுமா உனக்கு?"

"லென்..."

"நீ போ, டீலியா."

அவள் நகலை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அதைப் பற்றிச் சொல்ல அவர் விடவில்லை. தோட்டத்துக் கேட்டைத் திறந்து கால் வைத்தபோது பின்னால் கதவு திறந்தது. லென் தாளோடு நின்றார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. தாளின் ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை ஏறிவிட்டது.

"இது என்ன?"

சொன்னாள்.

"நம்ம ஊர்லயா?"

"நம்ம ஊர்லதான்."

"இந்த முழங்கால், வலதா எடதா?"

"போடல."

"பேரு?"

"அதுவும் போடல."

லென் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. வில்ஃப்மேல் அதுவரை வராத கோபம். "இந்தப் பாதிரி எவன்? சைக்கிள்ல வந்து, எதிர்ல நின்னு பாத்துட்டு, ஒரு கேள்விக்குறியப் போட்டுட்டுப் போயிருக்கான்! அந்தாளு அங்கதானே நின்னான்? உனக்கு என்னப்பா கால்லன்னு ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

அதன்பின்தான் டீலியா வந்து என் காரில் ஏறினாள்.

7

படிவத்தில் டீலியா எழுதியது: 'விதி நார்ட்டன். வில்ஃப் ஸ்டான்புரூக், 1976. அதற்கு முன்பும் யாரோ.' கிளைவ் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சடித்தார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது மரபா இல்லையா, தெளிவாகச் சொல்லுங்கள் என்றார். "ஒரு சாட்சி உயிரோட இருக்கார், இன்னொருத்தர் எழுத்துல இருக்கார்," என்றார் கிளைவ். "ரெண்டும் ஒண்ணையே சொல்லுது. எனக்குப் போதும். உங்களுக்கு?" கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

சதுக்கத்தில் மழை தூறியது. ஆடினோம். இமோஜன் மன்னிப்புக் கேட்காமல் வந்து சேர்ந்தாள்.

லென் வில்ஃபிடம் ஒன்றரை மாதம் பேசவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர் கார் அந்தக் குடியிருப்பின் வாசலில் இரண்டு இடத்தை அடைத்து நின்றதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. (கற்பனை செய்து நாலு பக்கம் எழுத என்னால் முடியும். இந்தக் கதையில் வேண்டாம்.)

இப்போது அக்டோபர். வெள்ளிக்கிழமைகளில் கிளைவ் காரோட்ட, லென்னும் டீலியாவும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். பாதிரி பார்த்த அந்த நான்காவது ஆள் யார் என்று தேவாலயப் பதிவுகளையும் ஊர்ப் புத்தகங்களையும் புரட்டுகிறார்கள். அந்த வருஷங்களில் ஆடும் வயதில் ஊரில் இருந்த ஆண்களைச் சலித்து, மூன்று பேருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஒருவர் கூரை வேய்ந்தவர். ஏணியிலிருந்து விழுந்து ஒரு அறுவடைக் காலம் முழுக்க வேலைக்கு வரவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. இன்னொருவர் குதிரைக்காரர். அவருக்கு ஊர் சார்பில் ஊன்றுகோல் கொடுத்ததாகக் குறிப்பு. மூன்றாமவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். மூன்று தேதி, அவ்வளவுதான்.

டீலியா குதிரைக்காரர் பக்கம். ஊன்றுகோல் எழுத்தில் இருக்கிறது. கிளைவ் கூரைக்காரர் பக்கம். ஊன்றுகோல் வைத்தவர் எப்படி ஆடுவார் என்கிறார். போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. பின் இருக்கையிலிருந்த லென் கடைசியில் வாயைத் திறந்தார்.

"ரெண்டும் இல்ல. ஒண்ணுமே எழுதி வைக்காம விட்டாங்களே, அவன்தான். கால் வலிக்குதுன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சவன ஆட எவன் கூப்பிடுவான்? சொல்லாம வந்து நின்னிருக்கான்."

"அதுக்கு என்ன ஆதாரம் லென்?" என்று கேட்டாள் டீலியா.

"நான்தான்," என்றார்.

 லென் கண்டுபிடித்ததை டீலியா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கு மூன்று ஓட்டு. என்னைக் கேட்டால் பிடில்காரர்களுக்கு ஓட்டு கிடையாது என்கிறார் லென். வில்ஃபைக் கேட்டார்கள், "அந்த ஆளுக்காகக் காத்துக்கிட்டு நின்ன அஞ்சு பேரு யாருன்னு தேடுங்கடா மொதல்ல," என்று சொல்லிவிட்டாராம். அவர்களை யாரும் இன்னும் தேட ஆரம்பிக்கவில்லை.

கதை அங்கே நிற்கிறது. நான் தள்ளிவிடப் போவதில்லை. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு ஓட்டு உண்டு என்று நான் நினைக்கிறேன்: கூரைக்காரரா, குதிரைக்காரரா, மூன்று தேதி மட்டும் உள்ளவரா, அல்லது கழியைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த ஐந்து பேரில் தொடங்குவதா. சொல்லுங்கள், போய்ச் சேர்த்துவிடுகிறேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று டீலியா கேட்பாள். லென் கேட்க மாட்டார்.